தென்னைமரத்தில் முட்டிய தள்ளுபடி

தலத்தெருவில் ஏறிய நடுவயதுத் தம்பதி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய கார் பட்டறையில் கிடக்கிறதாம்.

“அஞ்சு வருஷத்து நல்ல பேர ஒரே தென்னமரத்துல முட்டி ஒடச்சிட்டேன்” என்றார் மனைவி. “இன்சூரன்ஸ்ல க்ளைம் போட்டதால பிரீமியத்துல தர்ற தள்ளுபடி கொறையுமாங்க?”

“கொறையாது, மொத்தமா போயிடும். க்ளைமே போடாம வருஷா வருஷம் ஏறி வந்தது. இனி முதல்லேர்ந்துதான்.”

“நம்ம செலவுலயே சரி பண்ணிருக்கலாமே?”

“சின்னக் கீறல்னா பண்ணிருக்கலாம். முன்பக்கமே நொறுங்கிக் கெடக்கு.”

“இனிமே நான் வண்டியத் தொட மாட்டேன்.”

கணவர் மனைவியின் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டை மெல்லத் தடவினார்.

“தள்ளுபடி போயிடும்னு பக்கத்துல ஒக்காந்து கத்திக் கத்தி ஒன்னப் பயமுறுத்துனது நாந்தான். இனி போறதுக்கு ஒண்ணுமில்ல. வண்டி வந்ததும் நீயே ஓட்டு. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”