ஏழாவது கத்தி

— முடியாதும்மா. எதுக்குன்னு சொல்லாம இந்தக் கத்தியை நான் குடுக்கப் போறதில்லை.

— அடிப்பாவி, காசு கட்டினது நான். பார்சல் கொண்டு வர்றவ வாசல்ல நின்னு விசாரணை நடத்தி இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.

— இது ஏழாவது கத்தி. லிஃப்ட் ஓடாத மூணு மாடி ஏறி வந்து தர்றவ நான். நாளைக்கு இந்த வீட்ல ஏதாவது ஆச்சுன்னா முதல்ல என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க.

— என்ன ஆகப்போகுது? பழம் நறுக்க ஒண்ணு, பார்சல் பிரிக்க ஒண்ணு, மருமகளை மிரட்ட ரெண்டு. மிச்சமெல்லாம் அவ என்னைத் திருப்பி மிரட்ட.

— அவங்க வெளியூர்ல இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.

— அதனாலதான் நீளமான கத்தியா பார்த்து வாங்குறேன்.

— சிரிக்க வைக்காதீங்கம்மா. இப்ப இருக்கிற நிலைமையில சிரிச்சாலே ஆபத்து.

— அப்ப உள்ள வந்து உட்காரு. தண்ணியாவது குடி.

— அய்யோ, தண்ணியா? காலையில நாக்கை நனைச்சதோட சரி. குடிச்சுட்டு எங்க போறது? ஆம்பளைங்க வண்டியிலயே பாட்டிலை வச்சு சமாளிக்கிறாங்க. நான் எங்கயாவது இடம் தேடி வண்டியை நிறுத்தினா, 'ஏன் நிக்கிறே'ன்னு இந்த ஃபோன் ஆபீஸுக்குப் போட்டுக் குடுத்துடும். இன்னொரு எச்சரிக்கை வந்தா வண்டியைப் பிடுங்கிடுவாங்க.

— எனக்கா சொல்றே? காலமெல்லாம் பஸ்ஸுல கண்டக்டரா நின்னவ நான். அடக்கி அடக்கி என் வயித்துக்குள்ள ஒரு ஏரியே இருந்துச்சு, படகு விட்டிருக்கலாம். பஸ் ஒரு பள்ளத்துல இறங்கினா போதும், பயணிங்களை விட நான்தான் சத்தமா சாமியைக் கூப்பிடுவேன். பேசாம இந்த வேலையை விட்டுடேன்.

— விடமாட்டேன். இந்தத் தெருவுல பொம்பளை வண்டி ஓட்டமாட்டான்னு பந்தயம் கட்டினவங்க எல்லாம் இன்னும் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்காங்க. ஓட்டிக் காட்டுறேன். நீங்க பேச்சை மாத்தாதீங்க, கத்தி எதுக்கு?

— மொத கத்தி கொண்டு வந்தப்ப நீதானே சொன்னே. மத்த பார்சலுக்கு வாசல்ல நிக்க ஒரு நிமிஷம்தான். கத்தின்னா மட்டும் வாங்குறவங்க வயசைச் சரிபார்க்கணும், அதுக்கு அஞ்சு நிமிஷம் ஃபோன் வாயே திறக்காதுன்னு.

— சொன்னேன். அதுக்கென்ன? உங்க வயசைப் பார்க்க எனக்கு அஞ்சு நிமிஷமா வேணும்? தலையைப் பார்த்தாலே போதுமே.

— மிச்ச நேரத்தை என்ன பண்றே?

— என்ன பண்றது, கீழே ஓடிப்போய் அடுத்த பார்சலைத் தேடுவேன்.

— அதான் ஓடிடறியே. உள்ள வா, உள்ள வான்னு தொண்டை கிழியக் கூப்பிட்டு, அதுக்கப்புறம் வாங்கின அஞ்சு கத்தியும் வீணாப்போச்சு. இதையாவது வீணாக்காதே. பாத்ரூம் இடது பக்கம், லைட்டு போட்டே வச்சிருக்கேன்.