காலிக் கட்டம்

சபரிநாதன்: இல்லீங்க யுவஸ்ரீ, நான் கேக்கறது ஒண்ணுதான். ‘அழி’ பட்டனை அமுக்குனா, எழுதுனது நெசமாவே அழிஞ்சிருமுங்களா?

யுவஸ்ரீ: நம்ம கல்யாண மையத்து விண்ணப்பத்துலயா? ஏனுங்க, அது நேத்து நீங்களே சோதிச்சுக் கண்டுபிடிச்ச கோளாறு. மலையில இருந்து மேகம் எறங்கி, மூளைக்குள்ளயும் பூந்துருச்சா?

சபரிநாதன்: இங்க கொண்டப்பநாயக்கன்பட்டியில வாசல்ல நிக்கற வண்டியே தெரியலீங்க... எல்லாம் பஞ்சாட்டம் மெதக்குது. போன்லயே இன்னொருக்கா சொல்லுங்களேன்.

யுவஸ்ரீ: குலம்ங்கற கட்டத்துல ‘ஆந்தை’ன்னு போட்டீங்க. அழிச்சீங்க. கட்டம் காலியாச்சு. ஆனா உள்ள பதிவுல ஆந்தை அப்படியே உக்காந்திருந்துச்சு. கண்ணுக்குத் தெரியற கட்டம் ஒண்ணு, உள்ள சேர்ற தகவல் ஒண்ணு. ஒண்ணு மாறுனா இன்னொண்ணும் மாறோணும். அழிக்கறப்ப மட்டும் மாறல.

சபரிநாதன்: நான் காடைக் குலமுங்க.

யுவஸ்ரீ: தெரியுமுங்க. ஆந்தை நான்தான். அப்படியே உட்டிருந்தா ஒரே குலமாகி நாம பங்காளிக. நீங்க எனக்கு அண்ணன் மொறை!

சபரிநாதன்: ஐயோ... வேண்டாமுங்க!

யுவஸ்ரீ: என்னத்துக்கு இந்தப் பதறு பதறறீங்க?

சபரிநாதன்: பதறலீங்களே... இருமல்.

யுவஸ்ரீ: சரி. இப்ப என்ன அழிச்சீங்க?

சபரிநாதன்: அம்மா ஒரு வாரமா தொரத்தறாங்க. இன்னிக்குச் சோதனைக்கில்லீங்க, நெசமாவே என் பேர்ல பதிஞ்சு பத்து மணிக்கு அனுப்பிட்டேன். மத்தியானம் பொண்ணு ஊடுகளுக்கெல்லாம் போயிருமாம்.

யுவஸ்ரீ: நல்ல சேதிதான... அப்பறம்?

சபரிநாதன்: ‘எதிர்பார்ப்பு’ன்னு ஒரு கட்டம் வெச்சிருக்கீங்களே. அதுல ஒண்ணு எழுதிட்டேன். அழிச்சுட்டுத்தான் அனுப்புனேன். ஆனா...

யுவஸ்ரீ: ஆனா, உள்ள இருக்குமே!

சபரிநாதன்: அதானுங்க பயம். வெண்ணந்தூர்ப் பக்கம் ஏதாச்சும் பொண்ணு ஊட்ல அதைப் படிச்சுட்டு...

யுவஸ்ரீ: இருங்க, உங்க பதிவைத் தெறக்கறேன்... அடேங்கப்பா!

சபரிநாதன்: என்னங்க?

யுவஸ்ரீ: இதைப் போயி யாராச்சும் அழிப்பாங்களா?

சபரிநாதன்: படிச்சுட்டீங்களா...

யுவஸ்ரீ: நீங்களே சொல்லுங்க. நான் படிச்சா பக்கத்து சீட்டு மோகனப்பிரியா காதுல உழும்.

சபரிநாதன்: தப்பா நெனைக்காதீங்க. சன்னல் பூராவும் வெள்ளையா இருந்துச்சு... தூக்கத்துல எழுதறாப்புல கையி தானா ஓடிருச்சு.

யுவஸ்ரீ: கையி என்ன எழுதுச்சு?

சபரிநாதன்: ‘கோளாறு சொன்னா கோவிக்காம சிரிக்கற பொண்ணு. ராசிபுரத்து ஆபீசுல வேலை. பேரு... யுவஸ்ரீ.’ கோவமுங்களா? சொல்லாம அழிச்சேன் பாருங்க, அப்பவே என் லட்சணம் தெரியுது. மத்தியானத்துக்குள்ள நீங்களே உள்ள போயி அழிச்சிருங்க. இனிமே எடுக்க மாட்டேன் அந்தப் பேச்சை.

யுவஸ்ரீ: அழிக்கறதுக்கு இங்க ஒண்ணுமே இல்லீங்க. அந்தக் கோளாறை எட்டு மணிக்கே சரி பண்ணிட்டேன், கட்டமும் காலி, உள்ளயும் காலி... உங்க பதிவை யாரு ஊட்டுக்கும் போகாம நிறுத்தியும் வெச்சுட்டேன். இப்பச் சொன்னீங்களே, அதை மெதுவா இன்னொருக்கா சொல்லுங்க.