ரெசின் இறுகுகிற சூடு

ரெசின் குளிரில் இறுகாது. இது தெரியாமல்தான் பலர் பனிக்காலத்தில் கார் கட்டத் தொடங்கி மூக்குடைபடுகிறார்கள். கண்ணாடி நார்த் துணியை அச்சின் மேல் விரித்து, அதன்மேல் ரெசின் என்கிற பசையைப் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அறை நல்ல சூடாக இருந்தால் ஒரு பகலில் கல் மாதிரி ஆகிவிடும். இல்லாவிட்டால் நாட்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும், பிறகு சுரண்டி எறிய வேண்டியதுதான். திரு. மாக்கஸ், உங்கள் பொலிஸ் ஆட்களோடு நீங்கள் என் கராஜுக்குள் வந்ததும் சுவரோரமாகப் போகும் குழாய் ஏன் வெட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டீர்கள். ரெசினுக்காக வெட்டினேன். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மொழிபெயர்க்கிற அட்சயா பிள்ளையிடம் ஒரு வேண்டுகோள். நான் சொல்வதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எனக்கு இங்கிலீஸ் தெரியும். ஆனால் அண்ணையைப் பற்றி இங்கிலீஸில் பேசி எனக்குப் பழக்கமில்லை.

நான் மோகனசுந்தரம். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருக்கும் அந்த வீடு என் அண்ணன் இராஜரட்ணத்தினுடையது. என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர் அவர்தான். விமான நிலையத்தில் எனக்கு ஜக்கெற் மாட்டிவிட்டவரும் அவர்தான். என்னைத் தொழிற்சாலையில் சேர்த்தார், நிலாணியைப் பார்த்துக் கட்டி வைத்தார், மகளுக்குத் தனுஷிகா என்று பெயரும் வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, எல்லாமே நல்ல தெரிவுகள். அவர் கல்யாணம் செய்யவில்லை. எங்களுக்காகத்தான் செய்யவில்லை என்று சனம் சொல்லும். அவரும் அதை மறுத்ததில்லை.

வந்த புதிதில் நான் ஒரு கார் வாங்கினேன். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையை மடக்கக்கூடிய, பழைய சிவப்புக் கார். அந்தக் காரில் நான் ஒரு கோடைதான் ஓடினேன். ஒருநாள் வேலை முடிந்து வர, வாசலில் அதைக் காணவில்லை, சாமான் ஏற்றுகிற பெரிய வான் ஒன்று நின்றது. அண்ணை அதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்திருந்தார். குடும்பக்காரனுக்கு இதுதான் சரி என்று சொல்லி வானின் திறப்பை என் கையில் வைத்தார். நான் சிரித்துக்கொண்டுதான் வாங்கினேன். அதன்பிறகு எனக்கு எப்போதும் வான்தான். ஒன்று பழுதானால் இன்னொன்று. அதெல்லாம் பழைய கதை. அதை மனதில் வைத்துக்கொண்டு நான் எதையும் செய்யவில்லை என்பதற்காகத்தான் நானே முந்திச் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலையை மூடியபிறகு எனக்குக் கையில் நேரம் இருந்தது. கராஜில் கார் கட்டத் தொடங்கினேன். இந்த வகைக் காரின் விசயம் மிக எளிது. வேகமாகப் போக வேண்டுமென்றால் பெரிய எஞ்சின் தேடி அலைய வேண்டாம், பாரத்தைக் குறைத்தால் போதும். ரேடியோ வேண்டாம், கம்பளம் வேண்டாம், கதவும் வேண்டாம். மெல்லிய இரும்புக் குழாய்களை ஒட்டிச் சட்டகம் செய்து, மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றைப் பூட்டினேன். சட்டகத்தின் முன்பக்கத்தை நான் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுவேன். நிலாணி பார்த்துவிட்டு, பிள்ளை பெற்ற நேரம்கூட இவருக்கு முகத்தில் இந்தச் சந்தோசத்தைக் காணவில்லை என்று தனுஷிகாவிடம் பகிடி விட்டாள். உண்மைதான். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அண்ணை ஒருமுறை வந்து பார்த்தார். அப்போது அவர் நல்ல சுகத்தோடு இருந்தார். சுற்றிவர நடந்து பார்த்துவிட்டு, “உதில எங்கயடா சாமான் ஏத்துறது?” என்று மட்டும் கேட்டார்.

போன கோடையில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், நாலைந்து சொற்கள்தான் மிஞ்சின. அவரை வீட்டின் பின்பக்க அறையில் படுக்க வைத்தோம். அது அவரே ஆள் பிடித்து, நின்று, பார்த்துப் பார்த்து இழுத்துக் கட்டுவித்த அறை. கராஜுக்கு நேர் பின்னால் இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் வெளிச்சுவர், நிலத்துக்குக் கீழே வெறும் இடைவெளி. அந்த அறைக்குச் சூட்டுக் காற்றுப் போவதற்கு ஒரேயொரு குழாய்தான். அது கராஜ் சுவரோடு போகிறது.

தை மாதம் றொனால்ட் என்ற ஒருவர் எனக்குக் காரின் மூக்குப் பகுதிக்கான அச்சை இரவல் தந்தார். அவரும் ஸ்ரௌவ்வில்லில் தன் கராஜில் இப்படி ஒரு கார் கட்டியவர். அச்சு மற்றொருவருக்கும் தேவையாம், மாத முடிவில் திருப்பித் தர வேண்டும் என்றார். முதல் தடவை பூசியது இறுகவில்லை. வெளியே முழங்காலளவு பனி. மின்சார ஹீற்றர் போட்டால் பியூஸ் விழுந்தது. காஸ் ஹீற்றர் வைக்கலாம்தான், ஆனால் ரெசின் ஆவி இருக்கிற இடத்தில் நெருப்பு வைப்பது மடத்தனம். வீட்டில் எழும்ப முடியாத ஒரு மனுசன் படுத்திருக்கிறார். நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை.

அதனால்தான் குழாயை வெட்டினேன். வெட்டிய இடத்தில் ஒரு மூடி பூட்டினேன். ஒரு பக்கம் திருப்பினால் காற்று அண்ணையின் அறைக்குப் போகும், மற்றப் பக்கம் திருப்பினால் கராஜுக்கு வரும். இரண்டுக்கும் பாதி பாதி விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். விட்டால் ரெசின் வாடை குழாய்க்குள் ஏறி அவருடைய அறைக்குப் போயிருக்கும். அந்த மணம் நெஞ்சுக்குக் கூடாது. அவருடைய நன்மையையும் யோசித்துத்தான் முழுதாக மூடினேன்.

நிலாணி வீட்டில் இருக்கிற நேரங்களில் மூடி அண்ணையின் பக்கம்தான் திறந்திருந்தது. அவள் வேலைக்குப் போனபிறகு மாற்றிவிடுவேன். இதையெல்லாம் அவளுக்கு விளங்கப்படுத்தப் போனால் பெரிய கதையாகிவிடும்.

அண்ணை ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டீர்கள். சொன்னார். குளிருது என்று சொன்னார். ஆனால் நீங்கள் எங்கள் சனத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்து மனுசர் இந்த நாட்டில் காலை எழும்பியதும் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். ஆடி மாதத்திலும் சொல்வார்கள், கல்யாண மண்டபத்துக்குள்ளும் சொல்வார்கள். அன்னம் அன்ரி, எங்கள் தூரத்து உறவு, ஒருநாள் சூப் கொண்டுவந்தா. அண்ணை அவவின் கையைப் பிடித்துக்கொண்டு குளிருது, குளிருது என்றார். அவ சிரித்துவிட்டு, “உங்களுக்கு எண்டைக்குத்தான் அண்ணை குளிரேல்லை?” என்று கேட்டா. மேற்சட்டையைக் கழற்றாமலே இருந்து அவருக்குச் சூப் பருக்கிவிட்டுப் போனா. நானும் சேர்ந்து சிரித்தேன். அங்கே குளிர்ந்ததை அவ கவனிக்கவில்லை என்றால், அது என் குற்றமாகாது.

கவனித்தவள் சீமோன் ஒருத்திதான். அவரைக் குளிப்பாட்ட, உடுப்பு மாற்ற அரசாங்கச் செலவில் காலைகளில் வருகிற பெண். எங்கள் ஆள் இல்லை, யமேக்காக்காரி. அதனால் அவளுக்குக் குளிருது என்றால் என்னவென்று என்னிடம் கேட்க வேண்டியிருந்தது. அர்த்தம் சொன்னதும் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். அடுத்த நாள் தன் வீட்டிலிருந்து ஒரு சின்ன ஹீற்றர் கொண்டுவந்து வைத்தாள். அவள் போனதும் நான் அதை எடுத்து வைத்துவிட்டேன். கராஜில் காற்றடிக்கிற இயந்திரத்தோடு அதுவும் ஓடினால் பியூஸ் நிற்காது. மறுநாள் ஹீற்றர் அங்கே இல்லாததைக் கண்டபோது, இப்படியே இருந்தால் தன் அலுவலகத்துக்கு அறிவிப்பேன் என்று என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன்.

அந்தக் கிழமை முடிவில் ஒஷாவாவில் தனுஷிகாவுக்குக் குழந்தை பிறந்தது. நிலாணி பத்தியம் சமைத்துக் கொடுக்கப் போய்விட்டாள். பிறகு அந்தப் பெரும்பனி வந்தது. நெடுஞ்சாலை அடைபட்டது, பஸ் ஓடவில்லை, சீமோனும் வரவில்லை. வீட்டில் நானும் அண்ணையும்தான். மூடியை மாறி மாறித் திருப்ப வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. செவ்வாய்க்கிழமை கடைசித் தடவையாக மூக்குப் பகுதிக்கு ரெசின் பூசினேன். வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர். கராஜ் கதவுக்குக் கீழால் காற்று வந்தது. அண்ணையிடம் இரண்டு போர்வை இருந்தன, அதில் தடித்ததை எடுத்துவந்து அச்சின் மேல் போர்த்தினேன். நிலாணி தொலைபேசியில், “அண்ணை சாப்பிட்டவரோ? வீடு சூடாக் கிடக்கோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அவர் சாப்பிட்டார். வீடும் சூடாகத்தான் இருந்தது.

இதுவரை நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால் நடுவில் விட முடியாது. பாதி இறுகிய ரெசினை விட்டால் முழுதும் வீண். தச்சுவேலை செய்கிறவரைக் கேட்டாலும், சமைக்கிறவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அந்தச் சூடு ரெசினுக்குத் தேவைப்பட்டது.

ஆனால் ரெசின் எப்போது இறுகியது என்று நீங்கள் வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். றொனால்டோடு பேசியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. வியாழக்கிழமை அவருக்குப் படம் அனுப்பினேன். மூக்குப் பகுதி அச்சிலிருந்து ஒரு கீறல் இல்லாமல் கழன்று வந்திருந்தது. அவ்வளவு அழகு. இரண்டு விரலால் தூக்கலாம். சந்தோசத்தில் கராஜுக்குள் தனியே நின்று கைதட்டினேன். அதன்பிறகு கராஜுக்குச் சூடு தேவைப்படவில்லை. மூடி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணைக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அறைக்குள் என் மூச்சு புகையாகத் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி படிந்திருந்தது. அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனால் உடம்பு நடுங்கவில்லை. நடுக்கம் நிற்பது நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். வந்த முதல் குளிர்காலத்தில் அவர்தான் அதைச் சொல்லித் தந்தார். கஞ்சிக்கு வாய் திறக்க மறுத்தார். நிலத்தில் காற்று வருகிற துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறையைக் கட்டுவித்தவர் அவர். குழாய் எந்தப் பக்கத்தால் வருகிறது, எங்கே அடைபட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியாமலா? பிறகு கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“தம்பி, திறவன்.”

பாரிசவாதம் வந்தபிறகு திறவன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எங்கிருந்து தேடி எடுத்தாரோ தெரியாது.

அவர் அதட்டியிருந்தால் திறந்திருப்பேன். அது எங்களுக்குள் பழக்கம். அவர் சொல்வார், நான் செய்வேன், அப்படித்தான் முப்பது வருசம் போனது. ஆனால் அண்ணை அன்று அதட்டவில்லை. கண்ணால் தண்ணீர் வழிந்தது, கையை நீட்டி என் சட்டை நுனியைப் பிடித்தார். என் ஆயுளில் அவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. நான் கதிரையை இழுத்துப்போட்டு, ஜக்கெற்றைக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பொய் சொல்லி என்ன, எனக்கு எழும்பிப் போக மனம் வரவில்லை.

சனிக்கிழமை அவர் கெஞ்சுவதை நிறுத்தினார். அதன்பிறகு போய்த் திறந்துவிட்டேன்.