ஆளுக்கு இவ்வளவு

— அந்தக் கண்ணாடியைத் துடைச்சது போதும், தேஞ்சு போயிடப் போகுது. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— நீ என்ன கேட்ட?

— பல் டாக்டரோட வெப்சைட்டைக் கேட்டேன். கடையில உக்காந்து அதை எப்பவாவது திறந்து பாத்தீங்களா?

— எனக்கு எதுக்கும்மா அது? என் பல்லு நல்லாத்தான் இருக்கு. முப்பத்திரண்டும் இருக்கு, எண்ணிப் பாரு.

— பல்லை அப்புறம் எண்ணலாம். பாத்தீங்களா, இல்லையா?

— ஒரு தடவை பாத்திருப்பேன். பொண்டாட்டி செஞ்ச வேலை எப்படி இருக்குன்னு புருஷன் பாக்கக் கூடாதா? அதுவும் ஊர்ல இல்லாத வேலை. திறந்ததும் அந்த ஆளு ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்கிறான். அந்தப் போட்டோ யாரு எடுத்தது?

— நான்தான்.

— எத்தனை எடுத்த?

— எழுபது இருக்கும். சிரிப்பு சரியா வர்ற வரைக்கும் எடுக்கணும்ல. பல் டாக்டர் உம்முன்னு நின்னா அவர்கிட்ட யாரு வருவா?

— எழுபது. அவன் சிரிக்கச் சிரிக்க நீ எழுபது தடவை பாத்துக்கிட்டு நின்னிருக்க. நம்ம கல்யாணத்துலகூட என்னை நீ அத்தனை தடவை ஏறெடுத்துப் பாக்கல.

— கல்யாணத்துல நீங்க சிரிக்கவே இல்லையே.

— சரி விடு. நம்ம மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நீதானே வெப்சைட் போட்டுக் குடுத்த? அதுல என்ன போட்டோ இருக்கு, சொல்லு பாப்போம்.

— கடையோட முன்பக்கம்.

— ஷட்டர் மூடியிருக்கிற முன்பக்கம். கீழ ‘விரைவில் திறக்கிறோம்’னு எழுதியிருக்கு. மூணு வருஷமா விரைவில் திறந்துக்கிட்டே இருக்கோம். முந்தாநாள் ஒரு அம்மா உள்ளே எட்டிப் பாத்து, “அட, திறந்துட்டீங்களா”ன்னு கேட்டுட்டுப் போறாங்க. கடை வச்சு மூணு வருஷம் ஆன எனக்கு வாழ்த்து வேற சொல்லிட்டுப் போனாங்க.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— சொல்லித்தான் தெரியணுமா? அந்த ஆளோட வெப்சைட்ல ஒரு புள்ளி இடம் மாறி இருந்தா உனக்குத் தூக்கம் வராது. அவன் சட்டைக் கலருக்குப் பொருத்தமா அதுல இருக்கற பட்டன் கலரை மாத்தினவ நீ. என்னோடதை நீயா ஒரு நாள் திறந்து பாப்பியான்னு பேசாம இருந்தேன். இருந்தேன், இருந்தேன், இருந்துக்கிட்டே இருந்தேன்.

— ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. டாக்டரோட ஒப்பந்தம் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். மாசத்துக்கு இவ்வளவுன்னு கிடையாது. வெப்சைட் செஞ்சதுக்கும் காசு கிடையாது. அது வழியா ஒரு புது ஆள் வந்து அவர் நாற்காலியில உக்காந்தா, ஆளுக்கு இவ்வளவு. யாரும் வரலேன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. என்கிட்ட வேலை பாக்கற ரெண்டு பொண்ணுங்களுக்கும் கைக்காசுலேருந்துதான் குடுக்கணும்.

— உன்னை யாரு அப்படி ஒத்துக்கச் சொன்னது?

— முன்பணத்தை வாங்கிட்டு என்னத்தைக் கிழிச்சீங்கன்னு, முன்னாடி வெப்சைட் செய்யச் சொன்ன ரெண்டு பேரு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டுப் போனாங்களே, மறந்துட்டீங்களா? அதுக்கப்புறம் இந்த ஒருத்தர்தான் வந்தார். பலன் தெரிஞ்சாத்தான் பணம்னார். எனக்கும் ரோஷமா இருந்துச்சு, சரின்னுட்டேன்.

— அதைத்தான் நானும் சொல்றேன். அவன் பிழைச்சாத்தான் நீ பிழைப்பே. அவன் வாசல்ல கூட்டம் சேந்தா உனக்குச் சிரிப்பு. காலையில கண்ணு முழிச்சதும் போன்ல என்ன பாக்கற? அவன்கிட்ட எத்தனை பேரு வரேன்னு சொல்லியிருக்காங்கன்னு பாக்கற. சாப்பிடும்போது ‘டிங்’குனு சத்தம் கேட்டாப் போதும், உன் முகம் மலர்ந்து போகுது. அன்னிக்கு ஒரு நாள் எங்க அண்ணன் ஆஸ்பத்திரியில கிடக்கிறதைச் சொல்லிக்கிட்டு இருக்கேன், டிங்குனு ஒண்ணு வந்துச்சு, நீ சிரிச்ச.

— அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

— கேட்ட. கேக்கும்போதே இன்னொரு டிங் வந்துச்சு.

— நான் சிரிக்கலையே.

— அடக்கிக்கிட்ட. அது தெரியாதா எனக்கு? அவன் பொண்டாட்டி வேற ஊர்ல இருக்காளாமே.

— அது எனக்குத் தெரியாது. அந்த மனுஷன் வாயைத் திறந்தா அடுத்தவங்க வாயைப் பத்தித்தான் பேசுவார். இந்தப் பேச்சை எல்லாம் கொஞ்சம் ஓரமா வைங்க. ஒண்ணு சொல்லட்டா? போன மாசம் ஒரே வாரத்துல டாக்டரைப் பாக்க வரேன்னு பன்னெண்டு பதிவு வந்துச்சு. எல்லாம் மத்தியானம் ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் நடுவுல. எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்லேருந்து.

— ஒரே கம்ப்யூட்டர்னு உனக்கு எப்படித் தெரியும்?

— அதைத் தெரிஞ்சு வச்சுக்கிறதுதானே என் தொழில். ஒப்பந்தத்துல முதல் ஷரத்தே அதுதான். பொய்ப் பதிவு ஒண்ணு இருந்தாலும் எல்லாம் ரத்து. ஆளுக்கு இவ்வளவுன்னு சொன்னா நாங்களே உக்காந்து வாய்க்கு வந்த பேரை எல்லாம் எழுதிக் காசு கறந்துடுவோம்னு பயந்து, டாக்டரோட வக்கீல் எழுதி வச்சது. இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அவர்கிட்ட நான் மாசக் கணக்கு குடுக்கணும். ரெண்டாவது கிளினிக் ஒண்ணு திறக்கறார். அதுவும் எனக்கு வருமா, இல்ல கையில இருக்கறதும் போகுமான்னு அந்தத் தாள்லதான் இருக்கு. அதான் வேலையை விட்டுட்டு இங்கே வந்து உக்காந்திருக்கேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு இந்தக் கடையில யாரு இருப்பா?

— அந்த நேரத்துல கூட்டம் இருக்காது.

— நான் கூட்டத்தைக் கேக்கல.

— நான்தான் இருப்பேன். வேற யாரு இருக்கா? சரி விடு. நான்தான் போட்டேன். போதுமா?

— எதுக்கு?

— பன்னெண்டு பேரு வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா, பன்னெண்டு தடவை அந்த நாற்காலி காலியாக் கிடக்கும். அவன் கையைக் கழுவிட்டு, உறையை மாட்டிக்கிட்டு, வாசலைப் பாத்துக்கிட்டு நிப்பான். நிக்கட்டும்னு நினைச்சேன். கோபத்துல உன்கிட்ட கத்துவான். நீ ஒரு வார்த்தை வாங்கிட்டுச் சும்மா இருக்கற ஆள் கிடையாது, நீயும் ரெண்டு குடுப்பே. அதோட அந்த டிங் ஓஞ்சு போகும்னு பாத்தேன். பொறாமைதான். வயித்தெரிச்சல்தான். அதுக்கு வேற பேரு வச்சு என்ன ஆகப் போகுது?

— எனக்குச் சோறு போடற இடம்னு ஒரு நிமிஷம்கூடத் தோணலையா?

— தோணுச்சு. தோணத் தோணத்தான் இன்னும் எரிஞ்சுது. உனக்குச் சோறு அவன் போடறானாங்கற எரிச்சல்.

— பேரும் நம்பரும் எங்கேருந்து எடுத்தீங்க?

— நம்ம ரெஜிஸ்டர்லேருந்துதான். கண்ணு டெஸ்ட் பண்ண வந்தவங்க பேரு, வயசு, நம்பர் எல்லாம் அதுல இருக்குல்ல. சும்மா கைக்கு வந்த நம்பரைத் தட்டினா உன் பக்கம் ஏத்துக்க மாட்டேங்குது, சிவப்பாக் கத்துது. நல்லாத்தான் செஞ்சு வச்சிருக்க, அவனுக்கு.

— அங்கே வரவேற்புல இருக்கற பொண்ணு, பதிவு பண்ணின எல்லாருக்கும் முந்தின நாளே போன் பண்ணி, நாளைக்கு வர்றீங்கல்லன்னு கேப்பா. தெரியுமா உங்களுக்கு?

— அது எனக்குத் தெரியாதே.

— அந்தப் பன்னெண்டு பேருக்கும் போன் பண்ணிக் கேட்டா. உங்க ரெஜிஸ்டர்ல இருக்கறவங்க யாரு? பேப்பர் படிக்கிற எழுத்து தெரியலேன்னு வந்தவங்க. அம்பதைத் தாண்டினவங்க. அந்த வயசுல கடைவாய்ப் பல்லு ஒண்ணாவது ஆடாம இருக்குமா? போன் வந்ததும், “நான் எதுவும் பண்ணலையே, பையன்தான் பண்ணியிருப்பான், நானும் போகணும் போகணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்”னு சொல்லிட்டுக் கிளம்பி வந்துட்டாங்க. ஒருத்தர் மட்டும் ஊர்ல இல்ல. மத்த பதினொரு பேரும் வந்தாங்க.

— பதினொரு பேரா?

— நாலு பேருக்குப் பல்லு புடுங்கியாச்சு. ரெண்டு பேருக்குப் பல் செட்டுக்கு அளவெடுத்தாச்சு. ரிடையர்டு வாத்தியார் ஒருத்தர், வர்றதுதான் வரோம்னு மனைவியையும் கூட்டிக்கிட்டு வந்து, இப்போ ரெண்டு பேருமா ஜோடியா ரூட் கெனால் பண்ணிக்கறாங்க. கிளினிக் திறந்ததுலேருந்து இப்படி ஒரு வாரம் இருந்ததில்லையாம். டாக்டர் எனக்கு போன் பண்ணி, “என்னம்மா மந்திரம் போட்டே, அதையே இனிமே எல்லா வாரமும் போடு”ங்கறார்.

— நான் அவனைக் கெடுக்கப் பாத்தேன்.

— தெரியுது. நானும் ரெண்டு பொண்ணுங்களும் ஒரு வருஷமா முட்டி மோதி செய்ய முடியாததை, நீங்க மத்தியானத் தூக்கத்தை விட்டுட்டு ஒரு வாரத்துல செஞ்சுட்டீங்க.

— நீ சிரிக்கறியா, அழறியா? அந்த டெஸ்ட் நாற்காலியில உக்காந்தா லைட்டு உன் பின்னாடி போயிடுது, முகம் தெரிய மாட்டேங்குது.

— ரெண்டும் இல்ல. உங்க எழுத்துப் பலகையைப் படிச்சுக்கிட்டு இருக்கேன்.

— அந்தப் பதினொரு பேருக்கு உனக்குப் பணம் வருமா?

— கணக்குப்படி வரும். நாற்காலியில உக்காந்தாங்கல்ல. ஆனா நான் வாங்கப் போறதில்ல. நாலு மணிக்குப் போய், இது என் வேலை இல்ல, என் வீட்டுக்காரர் பண்ணின வேலைன்னு சொல்லிடப் போறேன்.

— சொன்னா அவன் ரத்து பண்ணிடுவானே.

— பண்ணினா பண்ணட்டும். ரெண்டாவது கிளினிக்கும் போகட்டும். பொய்யை எழுதி அதுக்குக் கீழே என்னால கையெழுத்துப் போட முடியாது.

— நானும் வரேன். கடையைச் சாத்திட்டு வரேன். நான்தான் பண்ணினேன், இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானே சொல்றேன். அவன் கால்ல விழணும்னாலும் விழறேன்.

— அதெல்லாம் வேணாம். நீங்க வந்தா அவர் சிரிக்கறதைப் பாத்து உங்களுக்கு மறுபடியும் ஏதாவது ஆயிடும்.

— கிண்டல் பண்ணு, பண்ணு. நான் ஒண்ணு கேக்கறேன், கோபப்படாம கேளு. என்னையும் அந்த மாதிரி ஒரு ஒப்பந்தத்துல எழுதிக்க.

— என்னன்னு?

— ஆளுக்கு இவ்வளவுன்னு. எனக்கு நீ சும்மா செஞ்சு குடுத்த, அதனாலதான் திரும்பிப் பாக்கல. காசு குடுக்கறேன். டாக்டர் குடுக்கறதைவிட ஒரு ரூபா கூடவே குடுக்கறேன். என் கடைப் படியில ஒருத்தர் ஏறினாலும் உன் போன்ல டிங்குனு அடிக்கட்டும். அடிச்சதும் நீ ஒரு தடவை சிரிக்கணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இவ்வளவு கூத்தும் அதுக்குத்தான்.

— இதை முதல்லயே கேட்டிருக்கலாமே.

— வெக்கமா இருந்துச்சும்மா. கட்டின பொண்டாட்டிகிட்டப் போய் என்னைக் கொஞ்சம் கவனின்னு கெஞ்சறதா?

— என் மேலயும் தப்பு இருக்கு. இல்லேங்கல. நம்ம கடை எங்கேயும் ஓடிப் போகாதுன்னு விட்டுட்டேன். போட்டோவை நாளைக்கே மாத்திடறேன். அந்த ஒரே கம்ப்யூட்டர் இந்தக் கடைக் கம்ப்யூட்டர்னு தெரிஞ்சப்போ முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா, சொல்லவே கூச்சமா இருக்கு, கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. பத்தொன்பது வருஷம் ஆன பொண்டாட்டிக்காக ஒரு மனுஷன் மத்தியானம் முழுக்க உக்காந்து பொறாமைப்படறானேன்னு. நேத்துச் சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

— நேத்துச் சாயங்காலம் என்ன ஆச்சு?

— அங்கே வர்ற ஒவ்வொரு புது ஆளும் ஒரு தாள் எழுதிக் குடுக்கணும். எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்னு அதுல ஒரு கேள்வி இருக்கும். அந்தப் பதிலைப் பாத்துத்தான் எனக்குப் பணம். நேத்து அந்தத் தாளை எல்லாம் வாங்கிட்டு வந்தேன். நீங்க லென்ஸ் வாங்கப் போயிருந்தப்போ இங்கே உக்காந்து, உங்க ரெஜிஸ்டரோட ஒண்ணொண்ணா வச்சுப் பாத்தேன்.

— அப்போ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்கிட்ட கேட்டியா?

— நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன். சொன்னீங்க. முழுசாச் சொல்லல.

— இனிமே என்ன இருக்கு சொல்றதுக்கு?

— பன்னெண்டு பேர்ல பதினொரு பேருதான் ரெஜிஸ்டர்ல இருக்காங்க. கடைசியாப் போட்டவங்க இல்ல.

— அதுவா? கடைசியில கை ஓஞ்சு போச்சு. பக்கத்தைத் திருப்பறதுக்குச் சோம்பலா இருந்துச்சு. ஞாபகத்துல இருந்த ஏதோ ஒரு நம்பரைத் தட்டி விட்டேன். எந்தக் காலத்து நம்பரோ.

— என் நம்பரைச் சொல்லுங்க பாப்போம்.

— அது போன்லயே இருக்கும்மா. ஒரு தடவை அமுக்கினாப் போகுது, அதனால…

— சரி. நம்பர் தானா வந்துச்சு. பேரு?

— பேருன்னு ஏதாவது போடணுமேன்னு போட்டிருப்பேன்.

— ‘சிட்டு’ன்னு போட்டிருக்கீங்க. வரவேற்புப் பொண்ணு போன் பண்ணி, “சிட்டுங்கறது நீங்கதானே”ன்னு கேட்டாளாம். அவங்க, வரேன்னு மட்டும் சொன்னாங்களாம். வெள்ளிக்கிழமை நல்ல புடவையா கட்டிக்கிட்டு வந்தாங்களாம். டாக்டர் பாத்துட்டு, பல்லுல ஒரு குறையும் இல்லம்மான்னு அனுப்பிட்டார். அதுக்கப்புறமும் வாசல் பெஞ்சுலயே ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்களாம்.

— தாள்ல என்ன எழுதியிருந்தா?

— ‘என்னை இந்தப் பெயரில் கூப்பிடுகிறவர் ஒருவர்தான். அவர் கூப்பிட்டார் என்று நினைத்து வந்தேன்.’