பத்து கிலோமீட்டரும் கொஞ்சமும்

எனக்கு சைக்கிள்காரர்கள் மேல் எந்த விரோதமும் கிடையாது. தினமும் காலையில் ரொட்டி வாங்க நானே சைக்கிளில்தான் போகிறேன். விசாரணைக் குழுவில் மூன்று பேர் சைக்கிள்காரர்கள் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மற்ற மூன்று பேர் எங்கள் ஓட்டக்காரர்கள். இந்த இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தது ஒந்தாரி ஊரில் இதுவே முதல் தடவை. அந்த வகையில் என்னால் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது.

மழுப்பாமல் எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். என் பெயர் பிஷெந்தே, வயது அறுபத்திரண்டு. ஓட்டச் சங்கத்தில் நாற்பது வருட உறுப்பினர். ஓட்டப் பந்தயப் பாதைகளை அளந்து சான்று கொடுக்கும் உரிமை இந்தக் கடற்கரையில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

ஸ்பெயினில் மற்றவர்கள் எப்படியோ, பந்தயம் கட்டாமல் பாஸ்க்காரனுக்குச் சாப்பாடு இறங்காது. கல் தூக்குவதில் கட்டுவோம், மரம் வெட்டுவதில் கட்டுவோம். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரில் டிரையத்லான் சங்கம் ஆரம்பித்தார்கள். கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் பத்து கிலோமீட்டர் ஓடுகிற கூட்டம். அதன் தலைவர் மீன் கடை கோல்தோ. தோள் இரண்டும் கதவு அகலம். அவர் மதுக்கடையில் நின்றுகொண்டு, நீந்தி மிதித்து முடித்த பிறகும் எங்கள் ஆள் உங்கள் ஆளுக்கு இணையாக ஓடுவான் என்றார். எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

"யோவ் கோல்தோ, நீங்க யாருன்னே எங்களுக்குப் புரியல. நீச்சல்காரன்கிட்ட போய் நான் சைக்கிள்காரன்ங்கறீங்க. சைக்கிள்காரன்கிட்ட நான் ஓட்டக்காரன்ங்கறீங்க. எங்களப் பாத்தா மட்டும் நீச்சல்காரன்ங்கறீங்க."

"சிரிச்சுக்கோ. ரெண்டே நிமிஷம் விட்டுக் குடு. அதுக்குள்ள நாங்க வந்துட்டா?"

வந்துவிட்டால் என்ன என்பதை அங்கேயே முடிவு செய்தார்கள். மே மாதம் எங்கள் பத்து கிலோமீட்டர் பந்தயம். செப்டம்பரில் அவர்கள் டிரையத்லான். அவர்களில் வேகமான ஆளின் ஓட்ட நேரம் எங்கள் வேகமான ஆளின் நேரத்தைவிட இரண்டு நிமிடத்துக்குள் இருந்தால் அவர்கள் ஜெயித்தார்கள். இல்லையென்றால் நாங்கள். தோற்ற சங்கம் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஜெயித்த சங்கத்துக்குச் சமைத்துப் போட்டு, பாத்திரமும் கழுவ வேண்டும். இரண்டு பாதையையும் அளப்பது யார் என்று கேள்வி வந்தபோது கோல்தோதான் என் பெயரைச் சொன்னார். "பிஷெந்தே அளக்கட்டும். அந்த மனுஷன் ஓட்டக்காரன்தான், ஆனா பொய் சொல்ல மாட்டான்." எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

ஓட்டப் பாதையை அளப்பது சைக்கிளில்தான். பலருக்கு இது தெரியாது. முன் சக்கரத்தில் எண்ணும் கருவி ஒன்று மாட்டியிருக்கும். முதலில் இரும்பு நாடாவால் அளந்த ஒரு நேர்ச்சாலையில் நாலு தடவை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் எத்தனை எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு பந்தயப் பாதையில், வளைவுகளை ஒட்டி, மிகக் குறுகிய வழியில் ஓட்ட வேண்டும். கடைசியில் ஆயிரத்துக்கு ஒன்று சேர்க்க வேண்டும். அதாவது பத்து கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர். பாதை குறைவு என்று ஒருவனும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக எங்கள் தொழிலில் வைத்திருக்கும் விதி.

இரண்டாம் வருடம் அந்தப் பத்து மீட்டரை நான் இரண்டு தடவை சேர்த்துவிட்டேன். வீட்டில் காகிதத்தில் ஒரு தடவை, தூரத்தைக் குறிக்கச் சாலையில் ஆணி அடிக்கும்போது ஒரு தடவை. இது அளப்பவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை. வேண்டுமென்று செய்ததில்லை, சத்தியமாக. அந்த வருடம் எங்கள் ஆள் முப்பத்தொரு நிமிடம் சரியாக. கோல்தோவே ஓடினார். முப்பத்து மூன்று நிமிடம் ஒரு விநாடி. ஒரே ஒரு விநாடியில் தோற்றார். பத்து மீட்டர் ஓட அவருக்கு இரண்டு விநாடி ஆகும்.

பிழை எனக்குத் தெரிந்தது விருந்தன்று மத்தியானம்தான். சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போனேன். கோல்தோ மண்சட்டியில் உப்புக் கருவாட்டு மீனைப் பூண்டு எண்ணெயில் போட்டு, அடுப்பு மேல் சட்டியை ஆட்டி ஆட்டி, குழம்பைக் கெட்டியாக்கிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கை ஓயாமல் ஆட்டினார். "தோத்தவன் சமையல்னு தள்ளிடாதய்யா, முதல்ல நீ தின்னு பாரு" என்று என் தட்டில் பெரிய துண்டாக வைத்தார். தின்றேன். அப்படி ஒரு மீனை நான் ஜென்மத்தில் தின்றதில்லை. தின்ற வாயால் அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

தவிர, எங்கள் சங்கத்தில் யாருக்கும் முட்டை அவிக்கத் தெரியாது. நாங்கள் தோற்றிருந்தால் அவர்கள் சங்கத்து நாற்பது பேரும் வெந்தும் வேகாத மாக்கரோனியைத் தின்றிருப்பார்கள். எல்லோருடைய நன்மையையும் பார்க்க வேண்டும்.

குழு முக்கியமாக ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டக்காரன்தான் வேகமாக ஓடுவான் என்பது உண்மை. அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. சைக்கிள்காரனுக்கு நுரையீரல் யானை மாதிரி இருக்கும். ஆனால் தரையில் இறக்கிவிட்டால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே கெண்டைக்கால் கல்லாகிவிடும். டிரையத்லான்காரன் அவனைவிடப் பரவாயில்லை, இரண்டையும் பழகுகிறான். ஆனாலும் ஓட்டமே தொழிலாக இருப்பவன் பக்கத்தில் வர முடியாது. இது ஊருக்கே தெரிந்த உண்மை. தொல்லை என்னவென்றால் இவர்கள் வருடா வருடம் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தார்கள். உண்மை தானாக நின்றுகொள்ளும் என்று சும்மா விட்டுவிட முடியுமா? நான் அதற்கு ஒரு கை கொடுத்தேன்.

மூன்றாம் வருடத்திலிருந்து, விடியற்காலைக் குளிரில் டயர் சுருங்கியிருக்கும்போது சக்கரத்தை எண்ணி வைத்துக்கொண்டு, நடு மத்தியானம் வெயிலில் டயர் உப்பியிருக்கும்போது பாதையை அளந்தேன். உப்பிய சக்கரம் அதே எண்ணிக்கையில் கூடுதல் தூரம் போகும், அதில் ஒரு இருபது மீட்டர் கிடைத்தது. அவர்கள் இன்னும் வேகமானார்கள். அதனால் திரும்பும் இடத்து ஆணியைத் தள்ளி அடித்தேன். கலங்கரை விளக்கு பெஞ்சுக்கு எதிரே இருந்த ஆணி, பதின்மூன்றாம் வருடம் ஐஸ் ஆலை வாசலில் இருந்தது. நூற்றுத் தொண்ணூறு மீட்டர் தள்ளி. போக வர முந்நூற்று எண்பது. எல்லாம் சேர்த்துப் பத்து கிலோமீட்டர் நானூற்றுப் பத்து மீட்டர். எங்கள் மே மாதப் பாதையில் ஒரு சாண்கூடக் கூடுதல் கிடையாது. வேண்டுமானால் அளந்து பாருங்கள்.

கைக்கடிகாரங்கள் வந்த பிறகு யாருக்கும் தெரியவில்லையா என்று கேட்டீர்கள். தெரிந்தது. முடிவுக்கோட்டில் கடிகாரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள்.

"பிஷெந்தே, பத்து புள்ளி நாலு காட்டுதுய்யா."

"செயற்கைக்கோள் கடிகாரம் கொஞ்சம் கூடத்தான் காட்டும். வளைவுல நீ அகலமா ஓடியிருப்ப. மலை வேற பக்கத்துல. மேல எங்கயோ பறக்குறத நம்புறியா, தரையில உருள்றத நம்புறியா?"

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தக் கடிகாரங்கள் கூடுதலாகக் காட்டுவது எல்லா அளப்பவர்களுக்கும் தெரியும். எவ்வளவு கூடுதல் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோல்தோ விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. ஓட்டம் போதவில்லை என்று நினைத்து வாரத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தார். ஐந்து வருடத்தில் இரண்டு முழங்காலும் போயிற்று. இப்போது படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் ஓட்டத்தை விட்ட பிறகு சமையலில் முழுக் கவனம் வைத்தார். மீன் இன்னும் நன்றாக வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

இனி என் மகள் கராஸி. குழு இதைப் பற்றித்தான் அதிகம் கேட்டது. வீட்டில் நான் ஒருவன் ஓட்டக்காரனாக இருக்கும்போது, பதினாலு வயதில் அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பதில் கோல்தோவின் சங்கத்தில் சேர்ந்தாள். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். போன செப்டம்பரில் அவளுக்கு இருபத்திரண்டு. தேசிய இளையோர் அணித் தேர்வாளர் எழுதியிருந்தார், ஒந்தாரியில் நீந்தி மிதித்த பிறகு முப்பத்தைந்து நிமிடத்துக்குள் ஓடிக் காட்டினால் அணியில் இடம் உண்டு என்று. பாதை முறையாக அளந்து சான்று பெற்றது என்பதால் ஒந்தாரியைத் தேர்ந்தெடுத்ததாகவும் எழுதியிருந்தார். இருபத்து மூன்று வந்துவிட்டால் அந்த அணியில் சேர முடியாது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

முந்தின நாள் காலையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஐஸ் ஆலைக்குப் போனேன். ஆணியைப் பிடுங்கிப் பெஞ்சுக்கு எதிரே அடித்துவிடலாம் என்றுதான் போனேன். குனிந்தும் விட்டேன். அப்போது கோல்தோ தடியூன்றி வந்தார்.

"என்னய்யா, ஆணி ஆடுதா?"

"லேசா."

"நல்லா இறுக்கி அடி. நாளைக்கு உன் பொண்ணு ஓடுறா. தூரம் குறைச்சல்னு ஒரு பய சொல்லிடக் கூடாது. அவ கண்டிப்பா வருவா பாரு. என் கடைக் கண்ணாடியில ஒட்ட அவ படம் எடுத்து வச்சிருக்கேன்."

நான் யோசித்தேன். ஆணியைத் திருப்பி வைத்தால் அவள் மட்டுமா வேகமாவாள்? அத்தனை பேரும் ஒரே வருடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் குறைப்பார்கள். எப்படி என்று கேட்பார்கள். பன்னிரண்டு வருட உண்மை ஒரு பக்கம், ஒரு பெண்ணின் ஒரு நாள் ஒரு பக்கம். மகள் என்பதற்காகச் சலுகை காட்டினால் அது நேர்மையா? ஆணியை இறுக்கி அடித்தேன்.

முப்பத்தாறு நிமிடம் இரண்டு விநாடி. முடிவுக்கோட்டைத் தாண்டி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, தூரம் சரிதானே?"

"நான் அளந்ததும்மா."

தலையை ஆட்டினாள். அதன் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம் சைக்கிளைத் துடைத்து, கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். நானும் தகப்பன்தான். பக்கத்தில் போய்த் தோளைத் தடவி, "பெடல்ல வட்டம் போட்டே பழகின காலும்மா. இனிமே என்கூட வா, நான் ஓடச் சொல்லித் தரேன்" என்றேன். "சரிப்பா" என்றாள். அவள் எனக்குச் சரிப்பா என்று சொல்லி எட்டு வருடம் ஆகியிருந்தது.

எட்டு மாதம் விடியற்காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அதைப் போன்ற நாட்கள் என் வாழ்க்கையில் இல்லை. மே மாதம் எங்கள் சங்கத்துப் பனியன் போட்டுக்கொண்டு ஓடினாள். பெண்களில் முதலாவது. தலையில் வெற்றித் தொப்பி வைத்தார்கள். நான் எல்லோர் முன்னாலும் அழுதேன். வானொலிக்காரன் ஒலிவாங்கியை நீட்டினான். ஒரு சைக்கிள்காரியும் ஓட்டக்காரன் பேச்சைக் கேட்டால் முன்னேறலாம் என்பதற்கு இதுவே சாட்சி என்றேன்.

ஜூனில் அலாஸ்னே என்ற பெண் பில்பாவோவிலிருந்து வந்தாள். அடுத்த வருடம் தேசியப் போட்டி இங்கே என்பதால் டிரையத்லான் பாதையை வெளியாள் ஒருவர் திரும்ப அளக்க வேண்டுமாம். நல்ல வேலைக்காரி. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை சக்கரத்தை எண்ணினாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் முதல் வருடச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கரை விளக்கு பெஞ்சுக்கு எதிரே சைக்கிளை நிறுத்தி, "திரும்புற இடம் இதுதானேங்க? ஆணியக் காணோமே" என்றாள். நான் கையை நீட்டி ஐஸ் ஆலையைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் உங்கள் கடிதம் வந்தது.

ஆக, எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். யாரும் உடந்தை இல்லை. சான்று உரிமையைத் திருப்பித் தருகிறேன். அந்தப் பன்னிரண்டு விருந்தையும் தனி ஆளாகச் சமைத்துப் போட வேண்டும் என்று தீர்ப்பானால் சமைக்கிறேன். தின்பவர்கள் பாடு.

கடைசியாக, கராஸிக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் சந்தோஷமாக இருக்கிறாள். செப்டம்பரில் முப்பத்தாறு நிமிடம் இரண்டு விநாடி ஓடியவள் மே மாதம் முப்பத்து நாலு நிமிடம் முப்பத்தாறு விநாடி ஓடினாள். அது முழுக்க அந்த நானூற்றுப் பத்து மீட்டர்தான் என்று நீங்கள் வாதிடுவீர்கள் என்று தெரியும். நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். செப்டம்பர் ஓட்டத்தைச் சரியான பத்து கிலோமீட்டருக்குக் கொண்டுவந்தால் முப்பத்து நாலு நிமிடம் முப்பத்தேழு விநாடி வருகிறது. அன்றைக்கு அவள் முன்னதாக ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்தி, நாற்பது கிலோமீட்டர் சைக்கிளும் மிதித்திருந்தாள், அது வேறு விஷயம். முப்பத்தேழுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவே ஒரு விநாடி இருக்கிறது பாருங்கள். அந்த ஒரு விநாடி என் பயிற்சி.