புடவை சுற்றிய ரேடியேட்டர்

மரக்காணத்தில் திண்டிவனம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு புருஷன், பெண்டாட்டி. அவன் மடியில் புடவை சுற்றிய பெரிய பொருள் ஒன்று இருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன், காது மட்டும் அவர்களிடம்.

"உங்கப்பா டிராக்டர்லே உப்பு விளைஞ்சிடுச்சு" என்றான் அவன்.

"எதையும் தொடாதேன்னு சொல்லித்தானே அப்பா வண்டியைக் கொடுத்தாரு?"

"பழைய ஆயிலெல்லாம் தார் மாதிரி இருந்துச்சு, மாத்தினேன். அப்படியே ரேடியேட்டர் தண்ணியையும் மாத்தினேன்."

"எந்தத் தண்ணி?"

"பக்கத்துப் பாத்தித் தண்ணி. கண்ணாடி மாதிரி இருந்துச்சு. வண்டி சூடானதும் உள்ளே வெள்ளையாக் கட்டிக்கிச்சு."

"உப்பளத்துலே வேலை செய்யறவன் அதை ஊத்துவானாய்யா? நாளைக்கு அப்பா வண்டியை எடுக்க வர்றாரு. இனிமே உன்னை நம்பி ஒரு சைக்கிள்கூடத் தர மாட்டாரு. இதைச் சுத்தறதுக்கு என் பச்சைப் புடவைதான் கிடைச்சுதா?"

போன் அடித்தது. அவளுடைய அப்பாதான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"வண்டி எப்படிம்மா இருக்குது?"

"தண்ணி மாத்தியிருக்காருப்பா."



"பாத்தித் தண்ணியா?"

"ஆமாம் மாமா" என்றான் அவன், அழுகிற குரலில்.

"ரேடியேட்டரைப் புடவையிலே சுத்திக்கினு திண்டிவனம் போறியா மாப்ள?"

"எப்படி மாமா தெரியும்?"

"வண்டி வாங்கின புதுசுலே நானும் அதைத்தான் ஊத்தினேன். உங்க அத்தையோட நீலப் புடவையிலே சுத்திக்கினு போனேன். அதனாலேதான் தொடாதேன்னேன்."

போனுக்குள் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "என்னது? அதைக் கரையான் அரிச்சிடுச்சுன்னுல்ல சொன்னே?"

சட்டென்று போன் கட்டானது.

"பாவம், மாமா" என்றான் அவன்.