கழுவிய படிகங்கள்

ஆய்வகத் தண்ணீர் பாட்டில்களில் தேதி எழுதி ஒட்டுவது என் வேலை, ஐயா. ஏழு வருடத்தில் ஒரு நாள்கூடத் தேதி தவறியதில்லை. ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சுகுணா வேலையில் குறை சொல்ல மாட்டார்கள். ராஜ்குமார் சார் ஒருவர்தான் சொன்னார்.

அவர் விஞ்ஞானி. ஒரு புரதத்தையும் டி.என்.ஏ.வையும் சேர்த்துப் படிகமாக வளர்க்க இரண்டு வருடம் பாடுபட்டார். போன ஆடியில் படிகம் வளர்க்கும் தட்டு ஒன்று முழுக்கப் பூஞ்சை பிடித்துவிட்டது. ஏ.சி. பழுது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் மீட்டிங்கில் பதினோரு பேர் முன்னால் என்னைப் பார்த்து, "மாட்டுக் கொட்டாயில இருந்து கையக் கழுவாமயே வந்துருவியாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உத்தனப்பள்ளியில் எங்களுக்கு நான்கு மாடுகள் இருப்பது உண்மைதான். பால் கறந்துவிட்டுக் குளித்துத்தான் பஸ் ஏறுவேன்.

மார்கழியில் படிகம் வந்தது. ஊசி ஊசியாக, அழகாக. உள்ளே டி.என்.ஏ. இருக்கிறதா, வெறும் புரதம்தானா என்று உறுதி செய்தால்தான் கம்பெனி மேற்கொண்டு அனுமதிக்கும். வழி எளிது. வெளியே ஒட்டியிருக்கும் டி.என்.ஏ. போகப் படிகத்தை மூன்று முறை கழுவ வேண்டும். பிறகு சுத்தமான தண்ணீரில் கரைத்து, ஜெல் என்கிற கூழ்ப் பாளத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டி, சாயமேற்றி, புற ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். உள்ளே டி.என்.ஏ. இருந்தால் கோடு ஒளிரும்.

கரைக்கும் தண்ணீரை நான்தான் தயாரித்து வைப்பேன். டி.என்.ஏ.வைத் தின்று தீர்க்கும் நொதி ஒன்று ஃப்ரீசரில் இருந்தது. அதில் ஒரு சொட்டு பாட்டிலில் விட்டேன். தேதியையும் சரியாக எழுதினேன்.

கோடு வரவில்லை. என்னை நம்பாமல் அவரே கழுவினார். மூன்று முறை, அப்புறம் ஆறு முறை. கையுறையை மாற்றினார், சொட்டு எடுக்கும் பிப்பெட்டை மாற்றினார். பாட்டிலை மாற்றத் தோன்றவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆளைத்தான் சந்தேகப்படுவார்கள், தண்ணீரை அல்ல.

தை மாதம் கம்பெனியில் அந்த ஆராய்ச்சியை நிறுத்தி, அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கெலமங்கலத்து வீட்டுக் குழாயடியில் மணிக்கணக்காகக் கை கழுவிக்கொண்டே இருக்கிறார் என்று அவர் மனைவி பிரியா என்னிடம் வந்து அழுதார். தோல் உரிந்துவிட்டதாம். பாவம், காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அவர் உயிரை மாய்த்துக்கொள்வதற்கு நான்கு நாள் முன்பு எங்கள் ஊருக்கே வந்தார். பஸ் ஸ்டாப்பில் நான் மட்டும் நின்றிருந்தேன். இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்தார்.

"சுகுணா, அன்னிக்கி உன் கையக் கொற சொன்னேன். குத்தம் என் கையிலதாம்மா இருக்குது. மன்னிச்சிரு."

"பரவால்லீங்க சார்," என்றேன்.

டி.என்.ஏ. இருந்தது, ஐயா. அவரை வீட்டுக்கு அனுப்பிய வாரமே, மீந்த படிகங்களை வேறு தண்ணீரில் கரைத்து நானே ஓட்டிப் பார்த்தேன். கோடு பளிச்சென்று வந்தது. அன்று பஸ் ஸ்டாப்பில் இதைச் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். எனக்கு அவர் மேல் துளிக் கோபமும் இல்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. பதினோரு பேர் முன்னால் பேசியவர், தனியாக வந்துதானே மன்னிப்புக் கேட்டார்?